கொட்டை எழுத்து காதில் விழாது

மார்ச் 3, திங்கள்

அச்சகத்தில் அரை நாள் போனது. என் முதல் கவிதைத் தொகுப்புக்குப் பக்கம் அமைக்கிறார்கள். முப்பது வருடமாக வாரப் பத்திரிகையில் நையாண்டிப் பத்தி எழுதுகிற ஆள் ஐம்பத்து நான்கு வயதில் கவிதை எழுதுவது, பல் மருத்துவர் வேலைக்கு நடுவே பாட ஆரம்பிப்பது போல. நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பதால் எதுவும் சொல்ல முடியாது.

பக்கம் அமைப்பவரை எல்லோரும் ‘பாயின்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுத்தின் அளவுக்குச் சொல்வார்களே, அந்தப் பாயின்ட். மனிதர்களையும் அதில்தான் அளப்பார். “உங்க பதிப்பாளர் ஒன்பது பாயின்ட் சார். பக்கத்துல போனாத்தான் கேக்கும்.”

இன்று பதினோராவது கவிதையில் ‘கண்ணீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பக்கத்தின் அடிவரை வழியவிட்டார். ‘உடைந்தேன்’ என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு விரிசல். “வாசகருக்குப் படக்குன்னு புரியணும் சார்.” அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வரிகளுக்கு இவ்வளவு சோகம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

கடைசிக் கவிதை அக்காவுக்கு. அதன் கடைசிச் சொல் ‘மன்னித்துவிடு’. முப்பத்தாறு பாயின்ட், தடித்த எழுத்து, அதற்கென்று தனிப் பக்கம். திரையில் பார்த்தபோது எனக்கே மன்னித்துவிடலாம் போலிருந்தது.

அக்கா இரண்டு வருடமாக என்னை ‘நீங்க’ என்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். எனக்கு மூக்கு சிந்திவிட்டவள். நாற்பத்தைந்து நிமிடத்தில் நாற்பத்தைந்து ‘டா’ போட்டுப் பேசியவள். இந்தப் புத்தகம் எனக்கு ஒரே ஒரு ‘டா’வைத் திருப்பி வாங்கித்தர வேண்டும். அதற்கு மேல் இதனிடம் எனக்கு எதிர்பார்ப்பு இல்லை. பதிப்பாளருக்கு அதுவும் இல்லை.

28-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது.

மார்ச் 5, புதன்

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை இங்கே, எங்கள் ஊர் மருத்துவமனையில். முடிந்ததும் இரண்டு வாரம் எங்கள் வீட்டில். அவள் வீடு இரண்டு மணி நேர ரயில் தூரம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, தனி ஆள். மனைவி போன் போட்டு “அண்ணி, இங்கதான் இருக்கணும், பேச்சே இல்ல” என்று முடித்துவிட்டாள். அதே விஷயத்தைச் சொல்ல நான் மூன்று நாளாக வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

மனைவி பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். பகலில் வீட்டில் இருப்பவன் நான். ஆகவே தினம் நான்கு வேளை அக்கா கண்ணில் சொட்டு மருந்து விடும் பொறுப்பு என்னுடையது.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், ஓய்வுபெற்ற துப்பறிவாளர் மாதிரி. புதுக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை அச்செழுத்தெல்லாம் எறும்பாகத்தான் தெரியும் என்றாராம் டாக்டர். படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. படிக்க முடியாது என்றிருக்கிறார்.

“டீ போடட்டுமாக்கா?”

“உங்களுக்கு வேலை இருந்தா பாருங்க. சிரமம் வேண்டாம்.”

மனைவி சொல்லும் ‘நீங்க’ வேறு. அது உட்கார்ந்து பழகிய நாற்காலி. அக்காவின் ‘நீங்க’, விருந்தாளிக்குத் துடைத்துப் போடும் நாற்காலி. உட்கார்ந்தால் முதுகு நேராகிவிடுகிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்தது. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, “எங்கடா சுத்திட்டு வர்ற?” என்றாள் அதனிடம்.

பூனைக்கு டா. எனக்கு நீங்க. குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி

இங்கேயாவது ஒருமுறை எழுதிவிடலாம்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள், இருபத்தொன்பது வருடம். கண்ணாடி அறை, ஒரு மைக், கையில் நேர அட்டவணை. அவள் ஓய்வுபெறும் மாதத்தில், அறிவிப்பாளர்களுக்குப் பதிலாக இயந்திரக் குரல் வருவதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எண்ணூறு வார்த்தை. அதில் எழுநூற்றுத் தொண்ணூறு அவள்மேல் பிரியமாக எழுதியவை. மிச்சம் சுமார் பத்து வார்த்தை இது: “ஊருக்கெல்லாம் வண்டி நேரம் சொன்னவளுக்குத் தன் வண்டி போனது மட்டும் தெரியவே இல்லை.”

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எழுதும்போது அது எனக்கு நகைச்சுவையாகத் தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் அந்த ஒரு வரியை மட்டும் பிடுங்கி, நடுப்பக்கத்தில் பெட்டி கட்டி, விரற்கடை உயரத்துக்குக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். மீதி எழுநூற்றுத் தொண்ணூறும் அந்தப் பெட்டியைச் சுற்றி வேலி மாதிரி நின்றன. வியாழன் பத்திரிகை வந்தது. சனிக்கிழமை அவளுக்குப் பிரிவு உபசாரம். அந்தப் பக்கத்தை யாரோ வெட்டி, அறிவிப்பு அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்களாம். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பிற்பாடு சொன்னார்.

நான் அன்றைக்குப் போக முடியவில்லை. வண்டி நாற்பது நிமிடம் தாமதம். இனி போய் என்ன பயன் என்று பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அப்படித்தான் அக்காவிடமும் சொன்னேன். “சரிங்க” என்றாள். முதல் ‘ங்க’ அதுதான்.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. கொட்டை எழுத்தால் வந்ததைக் கொட்டை எழுத்தாலேயே தீர்க்கலாம் என்றுதான் முப்பத்தாறு பாயின்ட்.

மார்ச் 10, திங்கள்

மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். எழுந்து போக முடியாத வாசகர் எழுத்தாளனுக்கு இப்படித்தான் எப்போதாவது வாய்ப்பார். காலை வேளை மருந்துக்குப் பிறகு, “அக்கா, ஒரு கவிதை வாசிக்கவா?” என்றேன்.

“வாசிங்க.”

வாசித்தேன்.

மழை
மழை (ஒரு படி உள்ளே தள்ளி)
மழை (இன்னும் உள்ளே)
உன் குரல் (சாய்வெழுத்து)
நனைகிறது (எழுத்துகள் சிதறி)
நான்
நீ
மௌனம் (பக்கத்தின் நடுவில், தனியாக)
மன்னித்துவிடு (மேலே சொன்ன ஏற்பாடு)

மூடிய கண் அசையவில்லை. நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சது.”

“மூணு தடவ மழைன்னீங்க. காகிதம் மாறிப்போச்சோன்னு பாத்தேன்.”

“கடைசி வார்த்தை கேட்டியா?”

“என்ன வார்த்தை?”

“மன்னித்துவிடு.”

“அதுவா. யாரோ யார்கிட்டயோ கேக்கறாங்கன்னு விட்டுட்டேன்.”

“அது தனிப் பக்கத்துல வருதுக்கா. முப்பத்தாறு பாயின்ட்ல, கொட்டை எழுத்துல.”

“கொட்டை எழுத்து எனக்குக் கேக்கலீங்க” என்றாள் அக்கா. பணிவாகத்தான் சொன்னாள்.

மார்ச் 11, செவ்வாய்

கடைசிச் சொல்லை உரக்க வாசித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, “ஒண்ணும் பிரச்சனை இல்லையே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

உரக்கச் சொல்வதும் கொட்டை எழுத்தின் ஒன்றுவிட்ட தம்பிதான். சரி, எழுத்தை விட்டுவிடலாம், சொல்லைப் பெரிதாக்கலாம் என்று உட்கார்ந்தேன். காலை முழுக்க வேலை. ‘ஆழ்ந்த, ஆறாத, அடிமனத்தின் அடியிலிருந்து எழும் அளவிலா வருத்தத்தோடு.’ எழுதி முடித்துப் பார்த்தால் இரங்கல் தீர்மானம். இருந்தாலும் மதிய வேளை மருந்துக்குப் பிறகு வாசித்தேன்.

“ஒரு ஆளுக்கு இத்தனை லக்கேஜ் எதுக்குங்க?” என்றாள். “ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது.”

இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன மிக நீளமான பேச்சு இது. என் கவிதைக்கு இவ்வளவாவது பலன் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

சாயங்காலம் மனைவி கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா. நான் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். ரொட்டி நான்கு துண்டுதான். தடவ இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

மனைவி கேட்டாள், “அவ்வளவு கூட்டத்துல கத்தாம எப்படி அண்ணி கேக்க வெச்சீங்க?”

“கத்தினா அந்தப் பழைய ஸ்பீக்கர் ஊளையிடும்மா. குரல ஒரு இழை ஏத்தினாலும் போச்சு, பிளாட்பாரமே காதப் பொத்திக்கும். அதனால குரல்ல ஒண்ணும் பண்ண முடியாது. வார்த்தையிலதான் பண்ணணும். ‘பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும்’னு எழுதிக் குடுத்த அட்டையில இருக்கும். யாரு கவனிச்சா? ஒரு நாள் ‘கையில் பெட்டி வைத்திருப்பவர்கள்’னு ஆரம்பிச்சேன். அத்தன பேரும் குனிஞ்சு அவங்கவங்க கையப் பாத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன சொன்னாலும் கேட்டுச்சு.”

“திட்டலயா மேல?”

“திட்டினாங்க. அட்டையில இல்லாதத ஏன் சொன்னேன்னு.”

பிறகு ஒரு குழந்தை காணாமல்போன கதை. குழந்தை அறிவிப்பு அறையில், அம்மாக்காரி வேறொரு பிளாட்பாரத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அட்டையில் இருந்த வாசகம், ‘நான்கு வயதுக் குழந்தை, பெற்றோர் உடனே அலுவலகத்தை அணுகவும்.’ மூன்று தடவை அக்கா சொன்னாளாம், யாரும் வரவில்லை.

“நாலு வயசுன்னா யாருக்குப் புள்ள இல்ல? நான் கொழந்தையத் திரும்பிப் பாத்தேன். ‘சிவப்பு ஸ்வெட்டர். இடது காலில் செருப்பு இல்லை.’ அவ்வளவுதான் சொன்னேன். உடனேன்னுகூடச் சொல்லல. அந்தப் பொண்ணு கையில ஒத்தச் செருப்போட ஓடி வந்தா.”

மனைவி சிவப்புப் பேனாவை மூடி வைத்த சத்தம் கேட்டது.

நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். “வெண்ணெய் வாங்கப் போயிருந்தீங்களா?” என்றாள் மனைவி.

மார்ச் 15, சனி

அச்சகம். நாற்பத்தொரு கவிதையிலும் தடிப்பு, சாய்வு, படிக்கட்டு, சிதறல், விரிசல் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். பாயின்ட் என்னை ஒரு கணம் பார்த்தார், வீட்டை இடிக்கச் சொன்னால் கொத்தனார் பார்ப்பாரே, அப்படி.

“கண்ணீரையுமா சார்?”

“அதையும்.”

“வழியாதே?”

“வழிஞ்சா வழியட்டும். இல்லன்னா அது என் தப்பு.”

எடுத்ததும் எல்லாக் கவிதையும் ஒரே மாதிரி, கூட்டத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் போல நின்றன. அலங்காரம் இல்லாமல் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். பாயின்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்தச் சொல்லில் அவர் புருவம் அசைகிறது என்று குறித்துக்கொண்டேன். பதினாறு கவிதையில் அசைந்தது. இருபத்து மூன்று கவிதையில் அசையவில்லை. ஒன்றில் தூங்கிவிட்டார். இன்னொன்றை நானே பாதியில் நிறுத்திவிட்டேன்.

‘உடைந்தேன்’ கவிதையில் விரிசலை எடுத்த பிறகு உடைவதற்கு அங்கே எதுவுமே இல்லை. தட்டு கீழே விழுந்ததைப் பற்றிய ஒன்பதாவது கவிதையில் ‘உடைந்தது’ என்ற சொல்லே கிடையாது. ‘மனைவி பெருக்கித் தள்ளினாள், நான் காலைத் தூக்கிக்கொண்டேன்’ என்று மட்டும் இருக்கும். அங்கே பாயின்ட் நாற்காலியில் தன் காலைத் தூக்கிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது கேட்டார், “அப்ப எனக்கு என்ன சார் வேலை?”

ஓரத்தில் இடம் நிறைய விடச் சொன்னேன். கொஞ்சம் தெளிந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

புருவம் அசையாத இருபத்து மூன்றையும் மற்ற இரண்டையும் குப்பையில் போட்டேன். பதிப்பாளருக்குச் சொன்னேன். “காகிதம் மிச்சம்” என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

அக்கா கவிதையைப் புதிதாக எழுதினேன். ஸ்வெட்டர், செருப்பு மாதிரி கையில் பிடிக்கக்கூடிய சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். கண்ணாடி அறை, விளிம்பு தேய்ந்த மைக், நேர அட்டவணை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். முடிவில் ‘மன்னித்துவிடு’, சாதாரண அளவில். பெருமையாக மனைவியிடம் காட்டினேன்.

இரண்டு தடவை படித்தாள். விடைத்தாள் படிக்கிற முகம்.

“டம்ளர் நல்லா இருக்கு. ஆனா மன்னிப்பு கேக்கறீங்களே, எதுக்குன்னு எங்கயுமே வரலயே.”

“அந்தப் பெட்டிக்குத்தான். அது அவளுக்குத் தெரியுமே.”

“வெறும் விடைய எழுதினா நான் மார்க் போட மாட்டேன். வழிமுறை காட்டணும்.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “அதுவும் இல்லாம, அந்தப் பெட்டிக்குத்தானான்னு முதல்ல நீங்க யோசிங்க.”

“வேற எதுக்கு?”

“நான் கணக்கு டீச்சர். கவிதையெல்லாம் எனக்குத் தெரியாது” என்று எழுந்து போய்விட்டாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் அவள் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே விஷயம். நம்பவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மார்ச் 8-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். கடைசிக்கு முந்தின பத்தி பொய்.

டைரியில் பொய் எழுதுகிறவன் யாரை ஏமாற்றுகிறான்? நான் மட்டுமே படிக்கிற நோட்டு இது. அதிலும் — இருக்கட்டும். எழுதித் தொலைக்கிறேன்.

நான் பாதி வழியில் இறங்கவில்லை. ஏறவே இல்லை. அந்தச் சனிக்கிழமை குளித்து, சட்டை மாட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில் அந்தப் பெட்டி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவ்வளவு பேர் நடுவில? வீட்டு வாசல்வரைகூட வரல. மனைவி ரெண்டு தடவ கூப்பிட்டா, தலைவலின்னேன். வண்டி கிளம்பற நேரம் பாத்தேன், போயிடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாடான்னுதான் இருந்துச்சு. அதையும் எழுதணும்.

அது நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கைக்கு வந்த சாக்கை யார் விடுவார்கள்.

அந்தத் தாமதத்தை அங்கே அறிவித்தது யார்? அக்காதான். அவளுடைய கடைசி வேலைநாள். நான் அந்த வண்டியில் வருகிறேன் என்று முன்தினம் போனில் சொல்லியிருந்தேன்.

மார்ச் 19, புதன்

காலையில் எழுதியது. ஒரே மூச்சில் வந்தது. ஒரே ஒரு திருத்தம்தான். ‘மன்னித்துவிடு’வை எழுதி, வாய்விட்டு வாசித்து, அடித்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் தாமதம் என்று
நீ சொன்ன வண்டி
வந்து நின்றது.
இறங்கியவர்கள் போனார்கள்.
கடைசிப் பெட்டிவரை
கதவு கதவாகப் பார்த்திருப்பாய்.
நான் வீட்டில் இருந்தேன்,
காலில் செருப்புகூட மாட்டாமல்.

இன்று நான்கு வேளை மருந்து விட்டேன். நான்கு வேளையும் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மதிய வேளை. மருந்து விட்டேன், கண்ணை மூடினாள். “இன்னைக்குக் கவிதை இல்லீங்களா?” என்று அவளே கேட்டாள். குரலில் கொஞ்சம் கேலி.

வாசித்தேன். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. அவள் ஸ்பீக்கருக்கு வாசிப்பது போல. எட்டு வரிதான். கடைசி வரி வந்தபோது என் குரல் எனக்கே யாரோ ஒருவருடையது மாதிரி கேட்டது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் கன்னத்தில் வழிந்தது. மருந்துதான் என்று எழுதிக்கொள்கிறேன். கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் விட்டதற்கு அது கொஞ்சம் அதிகம்.

“பதினோரு பெட்டி” என்றாள். “பதினோரு பெட்டியும் பாத்தேன். மைக்க இன்னொரு பொண்ணுகிட்ட குடுத்துட்டு எறங்கி வந்தேன். கையில மாலை வேற, அத எங்க வெக்கறதுன்னு தெரியல. கார்டு கொடி காட்டற வரைக்கும் நின்னேன்.”

நான் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினேன்.

“நடுவுல எறங்கித் திரும்பிட்டேன்னு போன்ல சொன்னப்பவே தெரியும். அந்த வண்டி நடுவுல எங்கயும் நிக்காது. ‘இடையில் எந்த நிலையத்திலும் நிற்காது’ன்னு தினம் ரெண்டு வேளை நான்தான் மைக்ல சொல்லிட்டிருந்தேன்.”

இருபத்தொன்பது வருடம் அந்த வாக்கியத்தைச் சொன்னவளிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். நையாண்டி எழுதுகிறவனுக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.

“அந்தப் பெட்டி…” என்று ஆரம்பித்தேன். “பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டாங்களே. அதுதான் கோபம்னு நெனச்சேன். கண்ணாடியில வேற யாரோ ஒட்டி—”

“நான்தான் ஒட்டினேன்.”

“என்னது?”

“கத்தரிச்சு, நாலு மூலையும் டேப் போட்டு. எல்லாரும் வந்து படிச்சு என்னையே பாத்தாங்க, சிரிக்கலாமா வேண்டாமான்னு. நான் சிரிச்ச பிறகு சிரிச்சாங்க.” கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். “வெடுக்குனு இருந்துச்சுதான். ஆனா அது நல்ல வரி. எழுதினவன் வந்தா காட்டலாம்னுதான் ஒட்டினேன்.”

எழுதினவன். அப்படித்தான் சொன்னாள். ஆனால் அது படர்க்கை. கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது.

இரண்டு வருடமாக நான் தவறான வரியைத் தடிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்று முழுக்க அக்கா என்னை ‘நீ’ என்றும் சொல்லவில்லை, ‘நீங்க’ என்றும் சொல்லவில்லை. “மருந்து நேரம் ஆச்சு.” “டீ ஆறிப்போகும்.” “ஜன்னல் திறந்திருக்கு.” ஒரு மனிதரை ஒரு நாள் முழுவதும் அழைக்காமலே அவரிடம் பேசிவிட முடியும் என்பதை இன்றுதான் கண்டேன். கயிற்றின்மேல் நடப்பது மாதிரி. மனைவி ரசித்துப் பார்த்தாள்.

“அப்ப உனக்குத் தெரியுமா, நான் அன்னைக்கு ஏறலன்னு?” என்று அவளிடம் கேட்டேன்.

“தலைவலிக்காரர் கட்டில்ல உக்காந்து கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தத நான் பாக்கல?”

“அக்காகிட்ட சொன்னியா?”

“நான் ஏன் சொல்லணும்? அது உங்க கணக்கு.”

மார்ச் 22, சனி

அக்கா ஊருக்குப் போனாள். மனைவி கூடப் போய் விட்டுவிட்டு வந்தாள். பூனை மதியம் வந்து கூடத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, போய்விட்டது.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிச் சரிபார்ப்பு. அக்கா கவிதையோடு சேர்த்துப் புத்தகம் இப்போது பதினேழு கவிதை. ‘தொகுப்பு’ என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பதிப்பாளர் யோசிக்கிறார்.

அக்கா கவிதையைப் பாயின்ட் திரையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சுட்டியைத் தொடவே இல்லை.

“கடைசி வரிய வேணும்னா ஒரு சுத்துப் பெருசா போடலாமான்னு…” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். “இல்ல சார். இதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம். பதினோரு பாயின்ட். விட்டுடுவோம்.”

அவர் ஒரு கவிதைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டதே இல்லையாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

அக்காவிடம் போனில் ஏழு நிமிடம். சாப்பாடு ஆச்சா, அங்க வெயில் எப்படி, வேலை எப்படிப் போகுது. கயிற்றிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

புத்தகம் வந்துவிட்டது. மெலிந்த புத்தகம். மனைவி எடை பார்ப்பது போலக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “லக்கேஜ் இல்ல” என்றாள்.

ஒரு பிரதியை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். முதல் பக்கத்தில் ‘அக்காவுக்கு’ என்று மட்டும். அதற்கு முன்னால் ‘அன்பு’ போட்டு அடித்து, ‘என்’ போட்டு அடித்து, மூன்று பிரதிகளைக் கெடுத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

போன் வந்தது. புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாளாம். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைக்கும்போது, “சனிக்கிழமை எந்த வண்டி?” என்றாள். நான் சனிக்கிழமை வருவதாகச் சொல்லவே இல்லை.

காலை வண்டி என்றேன்.

ஏப்ரல் 19, சனி

ஏறினேன். இடையில் எந்த நிலையத்திலும் நிற்காத வண்டிதான். பன்னிரண்டு நிமிடம் தாமதம். நிலையத்துக்குள் நுழையும்போது இயந்திரக் குரல் அதற்காக வருந்திக்கொண்டிருந்தது, எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை போட்டு.

எனக்குக் கடைசிப் பெட்டியில்தான் இடம் கிடைத்திருந்தது. இறங்கிப் பார்த்தால் அக்கா பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், இன்ஜின் பக்கம் நிற்கிறாள். புதுக் கண்ணாடி. முதல் பெட்டிக் கதவைப் பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. நான் கையை ஆட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. பையோடு நின்ற இடத்திலேயே நின்றேன். ஒவ்வொரு கதவாக வந்தாள், அவசரம் இல்லாமல்.

பக்கத்தில் வந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். செருப்பு இரண்டும் இருந்தன.

“சரி” என்றாள். “பையக் குடுடா.”

குரலை உயர்த்தவில்லை. அடுத்து நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. கொடுத்தேன்.